அக்கா, அடுத்த ஆண்டு மே முதல் வாரத்தில் வாருங்கள்

மயாமி,
ஜனவரி மாதக் கடைசி.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, சீசன்தான் காரணம். ஜனவரி முதல் மார்ச் வரை எங்களைப் போன்ற உல்லாசக் கப்பல் முன்பதிவு அலுவலகங்களுக்கு அறுவடைக் காலம். 'வேவ் சீசன்' என்பார்கள். பனிக்காக வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் வடமாநிலத்துக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கரீபியன் கடல் நினைவுக்கு வருகிறது. கப்பல் நிறுவனங்களும் அதற்கென்றே சலுகைகளை அள்ளிவிடுகின்றன. காலையில் காதில் மாட்டும் ஹெட்போனை மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுகிறேன். அழைப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரூம் என்ன விலை?" அப்பா அம்மாவோடு குடும்பமாகக் கப்பலில் போக வேண்டும் என்று நீயும் அதையே ஒரு வரியில் கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் எனக்கு இந்த வேலையே இருக்காது.

ஊர் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாளாம். கடலும் பாலமும் கப்பலும்தான் ஊர். நகரின் நடுப்பகுதியிலிருந்து மயாமி பீச்சுக்குத் தண்ணீரின் குறுக்கே மெக்கார்தர் காஸ்வே என்று ஒரு நீண்ட சாலை போகிறது. பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம் முழுக்கக் கப்பல்கள் வரிசையாக நிற்பது தெரியும். விடியும் நேரத்தில் வந்து சேரும். காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள், மதியம் புதியவர்கள் ஏறுவார்கள், மாலை நாலு ஐந்து மணிக்கு மறுபடியும் கிளம்பிவிடும். 2024 ஜனவரியில் இங்கிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 20 தளங்கள், 2,805 அறைகள். அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர். கூடுதல் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர் வரை போகலாம். ஒரு சிறு நகரமே மிதந்து போகிறது.

விடுமுறை நாளில் சவுத் பாயிண்ட் பூங்காவுக்குப் போவேன். துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் கால்வாய் அந்தப் பூங்காவை ஒட்டியே இருப்பதால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கப்பல் நம்மைக் கடந்துபோகும். பால்கனியில் நிற்பவர்கள் கையசைப்பார்கள். கரையில் நிற்பவர்கள் பதிலுக்குக் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன், ஆனால் கண் தளங்களை எண்ணிக்கொண்டிருக்கும்: எட்டாவது தளம், நடுப்பகுதி, பால்கனி, இது என்ன விலைக்குப் போயிருக்கும்? பக்கத்துப் பக்கத்துப் பால்கனியில் நிற்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று அறிமுகமாகி, விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேண்டுதல்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கப்பலானாலும் அறைகள் அடிப்படையில் நாலு வகை: ஜன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறை, பால்கனி அறை, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை. என் மேஜையில் தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். ஒரே பயணத்தில் உள்ளறையை 100 என்று வைத்தால், ஜன்னல் அறை 120 வாக்கில் இருக்கும். பால்கனி 140-லிருந்து 170 வரை. சூட் 300-க்கு மேல் எங்கேயோ. இது உத்தேசக் கணக்குதான், கப்பலுக்குக் கப்பல் மாறும்.

உள்ளறை என்றதும் அத்தான் முகம் சுளிப்பார், தெரியும். எங்களைப் போன்ற முன்பதிவு ஏஜென்ட்களைக் கப்பலைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போவார்கள். அப்படிப் போனபோது ஓர் உள்ளறையில் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு நேரே வைத்த கை தெரியவில்லை. பொழுது விடிந்ததா இல்லையா என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும். பழகியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பல கப்பல்களில் முன்புறக் கேமராவின் காட்சியை டிவியில் ஒரு சேனலில் காட்டுவார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தச் சேனலை இரவு முழுவதும் ஓடவிட்டால், சூரியன் உதிக்கும்போது அறையும் மெல்ல வெளுக்கும். பரப்பளவு ஏறத்தாழ 150 சதுர அடி. சுவர்கள் இரும்புத்தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலு கொண்டுவந்தால் தொப்பி, பை எல்லாவற்றையும் மாட்டிவிடலாம். இரண்டு பேருக்குத் தாராளம். நாலு பேர் என்றால் மேல் படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். ஒருவர் நடக்க மற்றவர்கள் படுக்கையில் ஏறி உட்கார வேண்டும்.

ஒரு காலத்தில் பால்கனி என்பது பணக்காரர்களின் சங்கதி. 1984-இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில் உள்ளறையே கிடையாது, எல்லா அறையும் கடலைப் பார்த்தவை. அன்று அது பெரிய புதுமை. இன்று கட்டும் பெரிய கப்பல்களில் பால்கனி அறைகளே அதிகம். பாவம், நடுவில் மாட்டிக்கொண்டது ஜன்னல் அறை. எண்ணிக்கை குறைவு, பால்கனிக்கும் அதற்கும் சில சமயம் விலையில் பெரிய வித்தியாசமும் இராது. அதை விரும்பி வாங்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்வதில்லை. 'பார்வை மறைக்கப்பட்டது' என்று குறிப்பிட்டு மலிவாக விற்கும் அறைகளையும் கவனிக்க வேண்டும். உயிர்காப்புப் படகு ஜன்னலுக்கு நேரே தொங்கும். சிலவற்றில் படகின் முதுகு மட்டும் கீழே தெரியும், சிலவற்றில் படகைத் தவிர எதுவும் தெரியாது.

அறை எங்கே இருக்கிறது என்பதற்கும் விலை உண்டு. கப்பலின் நடுவில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் பின்முனையிலும் அதிகம். நடுவில் உள்ள அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், அப்பாவுக்காக அதைக் கொடுக்கலாம். நீச்சல் குளத் தளத்துக்கு நேர்கீழே மட்டும் வேண்டாம். விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாகப் பார்த்து எடுத்துவிடுகிறேன். அறை எண்ணைக் கப்பல்காரர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டால் இன்னும் மலிவு. அதைக் 'கேரண்டி' என்பார்கள். வகைக்குத்தான் உத்தரவாதம், இடத்துக்கு இல்லை. தனியாக வரும் இளைஞர்களுக்கு அது சரி, நமக்கு ஒத்துவராது.

இவ்வளவும் சொன்னேனே, இதையெல்லாம் விழுங்கிவிடுவது தேதி. டிசம்பரின் முதல் இரண்டு வாரத்தில் பால்கனிக்குக் கேட்கும் விலைக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் உள்ளறைகூடக் கிடைக்காமல் போவது இங்கே சாதாரணம். அதே கப்பல், அதே தீவுகள், அதே சாப்பாடு. மாறியது ஒன்றுதான்: பள்ளிக்கூடம் மூடிவிட்டது. அமெரிக்கப் பள்ளி நாட்காட்டியைச் சுவரில் மாட்டிவைத்தால் கரீபியன் விலைப்பட்டியல் தனியாக வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மார்ச் மாத வசந்த விடுமுறை, ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை என்று பள்ளி மூடும் போதெல்லாம் விலை ஏறும். ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுவதால் அந்த ஏற்றமும் கூடவே நகரும். புத்தாண்டு முடிந்த ஜனவரி வாரங்கள், ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி, செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் தொடக்கம் ஆகியவை மலிவு. இப்போது எங்களுக்குப் போன் ஓயவில்லை என்றாலும் கப்பலில் போகிறவர்களுக்கு இது மலிவான காலம்தான். வேடிக்கை இல்லையா?

செப்டம்பர் மிக மலிவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். கப்பல் புயலுக்குள் போகாது, வேறு பக்கம் திரும்பிவிடும். கிழக்கே தீவுகளுக்கு என்று டிக்கெட் வாங்கியவர் மேற்கே மெக்ஸிகோவில் போய் இறங்குவார். மாற்றும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், சண்டை போட்டுப் பயனில்லை. எங்கே போனாலும் சரி, கடல் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அது நல்ல பேரம்.

அலாஸ்கா பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான் கப்பல். தொடக்கமும் முடிவும் மலிவு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விலை ஏறியிருக்கும். பனிப்பாறைகளை அறையிலிருந்தே பார்க்க எல்லாரும் பால்கனி கேட்பதால், உள்ளறைக்கும் பால்கனிக்கும் உள்ள இடைவெளி அங்கே பெரிது. கரீபியனில் பகலெல்லாம் தீவில் இறங்கித் திரிவோம், பால்கனியில் வெயில் கொளுத்தும். கரீபியனில் பால்கனிக்கு அவ்வளவு கொடுப்பது தேவைதானா என்று யோசிக்கலாம். இன்னொரு வகையும் இருக்கிறது. ஏப்ரல் வாக்கில் பல கப்பல்கள் கோடைக்காக ஐரோப்பாவுக்குப் போய், அக்டோபர், நவம்பரில் திரும்பும். அந்த அட்லாண்டிக் பயணத்தில் ஓர் இரவுக்கான விலை பெரும்பாலும் மற்றவற்றைவிடக் குறைவாக இருக்கும். நாள்கணக்கில் நடுக்கடல், கரையே தெரியாது. கிழக்கே போகும்போது பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளித் தூக்கத்தைப் பிடுங்குவார்கள். மேற்கே வரும்போது 25 மணி நேர நாட்கள் கிடைக்கும். ஓய்வுபெற்றவர்கள் அதற்கென்றே காத்திருக்கிறார்கள்.

விளம்பர விலை எப்போதும் ஒருவருக்கு, அதுவும் அறையில் இருவர் இருந்தால் மட்டும். ஒருவர் தனியாக வந்தால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். கணவரை இழந்த மூதாட்டிகளிடம் இதைப் போனில் சொல்வதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி. 'நார்வீஜியன் எபிக்' 2010-இல் ஒருவருக்கு மட்டுமான சிறிய அறைகளோடு வந்தது. அப்படிப்பட்ட அறைகள் இன்றும் தேவையைவிடக் குறைவாகவே இருக்கின்றன. அறையில் மூன்றாவது, நாலாவது ஆளுக்கோ கட்டணம் குறைவு, சில நேரம் வரி மட்டும்தான். நம் குடும்பத்துக்கு அது சாதகம். ஆனால் நாலு பேர் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவு நிரம்பிவிட்டால், அறையில் படுக்கை காலியாக இருந்தாலும் அதற்கு ஆளைச் சேர்க்க மாட்டார்கள்.

கடைசி நிமிடத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று அத்தான் நம்புகிறாராம். அரைகுறை உண்மை. முழுப் பணத்தையும் கட்டக் கடைசித் தேதி பயணத்துக்கு ஏறத்தாழ 90 நாள் முன்பு வரும். பணம் கட்டாதவர்கள் விட்ட அறைகள் அப்போது மறுபடி விற்பனைக்கு வரும், விலை இறங்கலாம். ஆனால் முதலில் தீர்வது மிக மலிவான உள்ளறைகளும் மிக உயர்ந்த சூட்களும்தான். கடைசியில் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத இடத்தில் இருக்கும். இப்போதே முன்பணம் கட்டிவிட்டால், அந்தத் தேதிக்குள் விலை குறையும்போதெல்லாம் பேசி நம் கட்டணத்தைக் குறைக்க வைக்கலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விலைப்பட்டியலுக்கு வெளியேயும் செலவு உண்டு. கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டத்தால், பெரிய நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்டத் தொடங்கின. அதற்கு முன்பு கடைசிப் பக்கத்தில்தான் தலையில் அடிக்கும். டிப்ஸ் இன்னும் தனிதான்: ஆளுக்கு, நாளுக்கு, குழந்தைகளுக்கும். சூட் என்றால் அதுவும் கூடும். மதுபானம், இன்டர்நெட், தீவில் சுற்றிக் காட்டும் பஸ் எல்லாம் தனிக் கணக்கு.

விசாவைப் பற்றி மறக்காதே. இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவாகி, அந்நாடுகளின் கொடியில் ஓடுபவை. 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடிக் கப்பல் அமெரிக்காவில் ஆளேற்றி அமெரிக்காவிலேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். ஆக, நீங்கள் மயாமிக்குத் திரும்பும்போது இந்த நாட்டுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். அப்பா, அம்மா விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று அத்தானைப் பார்க்கச் சொல். போகும் தீவுகளின் விசா விதியை வழித்தடம் முடிவானதும் நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதுகிறேன்.

என் திட்டம் இதுதான். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருக்கும், அமெரிக்கப் பள்ளிகள் இன்னும் மூடியிருக்காது. அந்த இடைவெளிதான் நமக்கு வாய்ப்பு: அடுத்த ஆண்டு மே முதல் வாரம். அப்பா அம்மாவுக்கு நடுப்பகுதியில் ஒரு பால்கனி அறை, அதற்கு எதிர்வரிசையில் உங்கள் நாலு பேருக்கும் ஓர் உள்ளறை. பால்கனி உங்களுக்கு வேண்டும் என்று நீ சண்டைக்கு வருவாய். பெரியவளும் சின்னவனும் தூங்க மட்டும்தான் அறைக்கு வருவார்கள், அவர்களைத் தேடிக்கொண்டு நீயும் அத்தானும் பதினைந்து தளமும் ஏறி இறங்குவீர்கள். அப்பாதான் அறையில் உட்காருகிறவர். அம்மாவுக்கும் காற்று வேண்டும். பகலில் எல்லாரும் அங்கேயே போய் உட்கார்ந்தால் போயிற்று. எனக்கு லீவு கிடைத்தால் நானும் வருவேன். தனி அறை எடுத்தால் இரண்டு பேர் பணம் என்பதால் அப்பா அறையின் சோபாவில் படுத்துக்கொள்கிறேன்.

ஆறு பேருடைய பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி அனுப்பு. சின்னவன் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்றும் பார், பயணம் முடிந்து ஆறு மாதமாவது மீதம் இருப்பது நல்லது. பிப்ரவரிக்குள் கிடைத்தால் இந்தச் சலுகையிலேயே முன்பணம் கட்டிவிடுவேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி