தரகர் வந்து போனார், அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? போன வாரம் ஒரு தரகர் வந்து உங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். விற்கப் போகிறீர்களாம். உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரன் என்கிற உரிமையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஊருக்கு வருவதெல்லாம் மே மாத லீவில். அப்போது வீராணம் ஏரியில் வெடித்த தரையும் மேயும் மாடும்தான். "இங்க என்னப்பா இருக்கு?" என்று சின்னவன் கேட்டதில் தப்பே இல்லை. ஐப்பசியில் ஒரு தடவை அவனைக் கூட்டி வாருங்கள். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து ஏரி ஏறிக்கொண்டிருக்கும். முழு மட்டம் 47.50 அடி என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் சென்னையில் தங்கம் விலை கேட்பது மாதிரி, டீக்கடையில் "இன்னிக்கு எத்தனை அடி?" என்றுதான் பேச்சே தொடங்கும். 2004 முதல் இந்தத் தண்ணீர்தான் குழாயில் சென்னைக்கும் வருகிறது. ஏரியை விட்டுப் போனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எதிர் வீட்டு பாய் கொடிக்காலில் நேற்று மழைத்தண்ணீர் தேங்கிவிட்டது. வெற்றிலைக் கொடிக்கு வேரில் தண்ணீர் நின்றால் போச்சு, அழுகிவிடும். விடிவதற்குள் தெருவில் நாலு வீட்டு ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினோம். கொடி படர நட்ட அகத்தி வரிசைக்குள் நிமிர்ந்து நின்று வெட்ட முடியாது. குனிந்தபடியே சேற்றை வாரிக் கரையில் போட்டு, வாய்க்காலை ஆழப்படுத்தி வடித்தோம். கீழ்வரிசையில் கொஞ்சம் கொடி இலை மஞ்சளித்துவிட்டது, மற்றது தப்பியது. கூலி என்று யாரும் வாய் திறக்கவில்லை. பாய் வீட்டு இஞ்சி டீயும், மதியம் சுவர் மேல் வந்து உட்கார்ந்த ஒரு கட்டு வெற்றிலையும்தான் கணக்கு.

எல்லாம் இப்படியே இனிப்பாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஏரி நிறைந்து மழையும் சேர்ந்துகொண்டால் வெள்ளியங்கால் ஓடையில் உபரிநீரைத் திறப்பார்கள். திருநாரையூர்ப் பக்கம் சம்பா மூழ்கும். அங்கே பெண் கொடுத்த வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அவர்கள் முன்னால் "ஏரி ரொம்பிடுச்சு" என்று சந்தோஷப்படக் கூச்சமாக இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடைமழை ராத்திரியில் டார்ச்சும் மணல் மூட்டையுமாக ஏரிக்கரைக்கு ஏறுவது உங்கள் கொல்லை வழியாகத்தான். உங்கள் அப்பா அங்கே ஒரு படல் மட்டும்தான் வைத்திருந்தார், பூட்டு போட்டதில்லை. வாங்குகிறவர் காம்பவுண்டு எழுப்பினால் தெருவே சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அதனால் விற்பதாக இருந்தால், கொல்லை ஓரம் ஆறடி பொதுவழி என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் குறையும், தெரியும்.

தீபாவளிக்கு வந்தால் நேரில் பேசலாம். வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருக்கிறது. தரகர் கேட்டார், கொடுக்கவில்லை.

அன்புடன்,
பக்கத்து வீட்டுத் தம்பி