அது ஆளில்லாப் பூமி அல்ல

ஆசிரியருக்கு,

சென்ற இதழில், சுவீடனின் வடக்கே கிருனா நகரத்தில் இரும்புச் சுரங்கத்துக்கு வழிவிடத் தேவாலயத்தை நகர்த்திய கதையைப் படித்தேன். 672 தொன் மரக் கட்டடத்தை 2025 ஆகஸ்டில் இரண்டே நாளில் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்ததை அழகாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கடைசிப் பந்தி உறுத்தியது. சுற்றிலும் ஆளில்லாத பனிப் பூமிதானே, இரும்புச் சுரங்கம் விரிந்தால் யாருக்கு நட்டம் என்ற பொருளில் முடித்திருக்கிறார்.

நான் 1980களின் கடைசியில் நோர்வேக்கு வந்து, வடகோடி ஃபின்மார்க்கில், ஹொன்னிங்ஸ்வோக் என்ற தீவூரின் மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம் கத்தி பிடித்தவன். அப்போது எங்களுக்கும் அது வெற்றுப் பூமியாகத்தான் தெரிந்தது. மரமில்லை, வயலில்லை, வேலியில்லை. பக்கத்து மேசையில் மீன் வெட்டியவர், நோர்வே, சுவீடன் வடபகுதிகளின் பூர்வகுடிகளான சாமி இனத்தவர். (அந்தப் பெயரைக் கேட்டு நாங்கள் ஏன் சிரித்தோம் என்று அவருக்கு விளக்க எங்களிடம் அப்போது மொழி போதவில்லை.) ஒரு இலையுதிர்கால மாலையில் அவர்தான் எங்களைக் கரைக்குக் கூட்டிப் போனார். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலமான நீரிணை. கொம்புகளும் மூக்குகளும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, சாமிகள் மேய்க்கும் நூற்றுக்கணக்கான துருவ மான்கள் பெருநிலம் நோக்கி நீந்திக்கொண்டிருந்தன. வசந்தத்தில் தாய்மான்கள் வயிற்றில் குட்டியோடு இருக்கும். அப்போது கடற்படையின் படகுகளில் ஏற்றித்தான் தீவுக்குக் கொண்டுவருவார்களாம். கோடைக்குத் தீவு, குளிர்காலத்துக்கு உள்நாட்டு மேட்டுநிலம், இரண்டுக்கும் நடுவே நீண்ட நடை. அந்த நடைவழியை ஓரிடத்தில் அடைத்துவிட்டால் மிச்ச நிலமெல்லாம் சும்மா கிடந்தும் பயனில்லை.

குளிர்காலத்தில் மானுக்கு உணவு லைக்கன். நாம் மசாலாவில் போடும் கல்பாசி இருக்கிறதே, அந்த இனம்தான். பனியைக் குளம்பால் தோண்டித் தின்னும். பனிக்கு நடுவே மழை பெய்து உறைந்தால் மேலே கண்ணாடித் தகடுபோல் ஐஸ் படியும். பிறகு தோண்ட முடியாது. பனிக்கடியில் இருக்கும் மேய்ச்சலை மான் எட்டக்கூடிய நிலையைச் சொல்ல சாமிகளிடம் ‘குஒஹ்துன்’ என்று தனிச்சொல்லே உண்டு. ஒரு பள்ளத்தாக்கில் அது கெட்டால் இன்னொன்றுக்கு ஓட்டிப் போக வேண்டும். அதற்காகவே சில இடங்களை மேயாமல் விட்டுவைப்பார்கள். லைக்கன் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளரப் பல பத்தாண்டு ஆகும். நம் ஊரில் விதைநெல்லைத் தொடாமல் வைத்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிடும் அதிகாரி வந்து பார்க்கிற வருடம் அங்கே ஒரு மானும் நிற்காது. ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்.

சுவீடனில் மான் மேய்ப்புக்குரிய பரப்பு நாட்டின் ஏறக்குறைய பாதி. அதைக் காட்டித்தான், இவ்வளவு இருக்கிறதே, ஒரு மூலை போனால் என்ன என்று கேட்கிறார்கள். ஒரு சுரங்கம், ஒரு அணை, ஒரு ரயில்பாதை, ஒரு காற்றாலைப் பண்ணை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தராசில் வைத்தால் எல்லாமே சின்னதுதான். கிருனாவையே எடுங்கள். சுரங்கமும் நகரமும் ரயில்பாதையும் போக, காப்னா என்ற மேய்ச்சல் சமூகத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரு ஒடுங்கிய பாதை. பக்கத்திலேயே பெர் கெயெர் என்ற கனிமப் படிவில், மின்மோட்டார் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களின் ஆக்சைடுகள் பத்து லட்சம் தொன்னுக்கு மேல் இருப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை முக்கியத் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ள சுரங்கங்களுக்கு 27 மாதத்துக்குள் அனுமதி நடைமுறையை முடிக்க வேண்டும் என்பது விதி. அங்கே தோண்டினால் இருக்கிற பாதையும் போய்விடும் என்கிறார்கள் காப்னாக்காரர்கள். யொக்மொக் பக்கம் காலோக்கில், ஐ.நா. சிறப்பு நிபுணர்கள் வேண்டாம் என்று சொன்ன மறு மாதமே, 2022 மார்ச்சில், சுவீடன் அரசு இரும்புச் சுரங்கத்துக்கு உரிமம் கொடுத்தது.

நான் வாழும் நோர்வேயும் யோக்கியம் இல்லை. ஃபோசன் குடாநாட்டின் இரண்டு காற்றாலைப் பண்ணைகளுக்குக் கொடுத்த அனுமதி மான் மேய்க்கும் சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்று 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் அதற்குள் 151 காற்றாடிகளும் சுற்றத் தொடங்கிவிட்டன. வழக்கு முடியுமுன்பே கட்டிவிடு, கட்டியதை யார் கழற்றுவார்கள் என்ற பழைய கணக்கு. தீர்ப்பு வந்து 500 நாள் ஆன பிறகு, 2023இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சு அலுவலகத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. நட்டஈடும் மாற்று மேய்ச்சல் நிலமும் பேசி ஒப்பந்தம் முடிய 2024 மார்ச் ஆனது. காற்றாடிகள் இன்னும் சுற்றுகின்றன.

பெட்ரோலை விட வேண்டும், அதற்கு உலோகமும் காற்று மின்சாரமும் வேண்டும், சரி. சுரங்கத்தில் சம்பளம் வாங்கும் சாமிகளும் இருக்கிறார்கள். எல்லாரும் மான் மேய்ப்பவர்கள் இல்லை. நான் கேட்பது வரிசையைத்தான். சுவீடனில் மேய்ப்பவர்களே தங்கள் நிலத்தைக் கணினியில் வரைந்து வைத்திருக்கிறார்கள். குட்டி போடும் இடம், வழியில் தங்கும் இடம், கடக்கச் சிரமமான இடம் எல்லாம் அதில் இருக்கிறது. மானின் கழுத்துப்பட்டியிலிருந்து ஜிபிஎஸ் தரவும் வருகிறது. காடு வெட்டுவது பற்றிய பேச்சுகளில் அந்த வரைபடம் மேசைக்கு வந்து பல வருடமாகிறது. ஒரு மாவட்டத்தில் எதை எங்கே அனுமதிக்கலாம் என்று திட்டம் போடும்போது முதலில் விரிக்க வேண்டிய தாள் அது. இப்போதோ நிறுவனம் இடத்தைக் குறித்த பிறகு, மேய்ப்பவரைக் கூப்பிட்டு ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார்கள்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட இடமிருந்தால், ‘ஆளில்லாத’ என்பதை எடுத்துவிட்டு ‘வேலி போடாத’ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மீன் தொழிற்சாலைத் தொழிலாளி,
ஒஸ்லோ