தம்பலகாமத்துப் பெட்டகமும் சேப்பாக்கத்து நூலகமும்

திருகோணமலை
ஆனி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. தம்பலகாமத்துக்குப் போய் உன் அப்பாவின் பெட்டகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவோம் என்றிருந்தேன், அதுதான் பிந்திவிட்டது. போன சனிக்கிழமை போய்வந்தேன். அக்கா சுகமாக இருக்கிறா. கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வீடெல்லாம் ஓட்டுத் தூசி. அதற்குள்ளும் எனக்குச் சோறு போடாமல் அனுப்ப மாட்டேன் என்று நின்றா. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பின்னேரத்தில் கடற்கரையில் இருக்க முடியாது, வாய்க்குள் மணல்தான்.

பெட்டகத்துக்குள் இருக்கும் அந்த ஓலை ஏட்டுக்கட்டுகளைக் கோயிலில் கொடுப்பதா, உன்னிடம் எடுப்பித்து வைத்துக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்ல முன் சென்னைக் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே பார்த்ததால்தான் எனக்கு இதில் ஒரு தெளிவு வந்தது.

மாசியில் இவளுடைய கண் சத்திரசிகிச்சைக்காகப் பன்னிரண்டு நாள் சென்னையில் நின்றோம். நல்லபடியாக முடிந்தது, இப்போது ஊசியில் நூல் கோக்கிறாள். அவள் ஓய்வாகப் படுத்திருந்த ஒரு நாள் நான் சேப்பாக்கத்துக்குப் போய், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்து வாசலில் இறங்கினேன். மேலே மணிக்கூட்டுக் கோபுரம், வீதியைக் கடந்தால் மெரினா. நம் கோணேசர் மலையின் அடியில் அடிக்கிற அதே கடல். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், இந்த இடத்தின் பெயரை எத்தனை புத்தகங்களின் முன்னுரையில் வாசித்திருப்பேன்! கொஞ்ச நேரம் உள்ளே போகாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தவர்கள் என்று நம் தமிழ் வாத்தியார் வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? ஆனால் நூலகம் என்று ஒன்றைத் தொடங்க 1907 வரை எடுத்திருக்கிறது. அதுவும் முதலில் கன்னிமாரா நூலகத்தில் இடம் கேட்டு ஒதுங்கியிருந்ததுதான். சொந்தக் கட்டடத்துக்கு வந்தது 1936-ல்.

அதை நூலகமாக ஆக்கிய மனிதர் எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்குப் படிப்பித்தவரை 1924-ல் நூலகராகப் போட்டார்கள். தொடக்கத்தில் தனிமை தாங்காமல் கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார். அப்புறம் இலண்டனுக்குப் போய்ப் படித்தார். அங்கே ஒரு கடையில் சிறுவர்கள் பூட்டி விளையாடும் மெக்கானோ துண்டுகளைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதிது புதிதாய்ப் பொருட்கள் வருகின்றனவே, புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகக் குறித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக வகுத்து அடுக்க 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான். இருபது வருடம் விடுப்பே எடுக்காமல் வேலை செய்தார். தன் கல்யாணத்தன்று பின்னேரமும் நூலகத்துக்குப் போயிருக்கிறார். வாசகர்கள் தாங்களே தட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம் என்ற வழக்கத்தையும் அங்கே கொண்டுவந்தார். அவர் பிறந்த ஊர் சீர்காழி. பெயரின் முதல் எழுத்தே அந்த ஊர்தான். கடல் கடந்து வராமலே ‘கோணமாமலை’ என்று நம் ஊரைப் பாடிய சம்பந்தரின் ஊர். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

அங்கே இருக்கும் அரியவற்றில் என் நெஞ்சைத் தொட்டது இராமானுஜனின் குறிப்பேடுகள். தேற்றங்களை வரிசையாக எழுதி வைத்தார், பெரும்பாலும் நிறுவல் கிடையாது. முதல் குறிப்பேடு பச்சை மையில். 1920-ல் அவர் கண்ணை மூடினார். குறிப்பேடுகளை அச்சுப்படமாக உலகம் பார்த்தது 1957-ல், மும்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு தொகுதிகளாகப் போட்டபோது. இடையில் முப்பத்தேழு வருடம். அவ்வளவு காலமும் யாரோ அவற்றை ஈரம் படாமல், பூச்சி அரிக்காமல் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கைகளைத்தான் நான் நினைத்தேன்.

இனித்தான் நம் ஊர் வருகிறது. சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இந்தப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்திலேயே பல காலம் இருந்தது. அதன் அடித்தளம் காலின் மெக்கன்சி என்ற நில அளவையாளர் சேர்த்தவை. 1821-ல் அவர் இறந்த பிறகு கிழக்கிந்தியக் கும்பினி அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாவுக்கு எல்லாவற்றையும் வாங்கியது. இன்றைக்கு அந்தச் சுவடி நூலகத்தில் 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள். அது மாநிலக் கல்லூரியோடு இருந்த காலத்தில் அங்கே நூலகராக இருந்தவர் யார் தெரியுமா? திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை! தமிழறிஞர் கனகசுந்தரம்பிள்ளையின் தம்பி. 1892-ல் பெண் விடுதலையைப் பேசித் ‘தத்தை விடு தூது’ பாடியவர். 1895-ல் ‘மோகனாங்கி’ எழுதியவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று நாம் பரீட்சைக்குப் பாடமாக்கிய அதே புத்தகம். நாயக்கர் காலத்துக் கதையை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் முந்தி யோசித்ததே இல்லை. பழஞ்சுவடிகளுக்கு நடுவிலே நாள் முழுக்க இருந்த மனிதனுக்கு அது வராமல் யாருக்கு வரும்? நாற்பது வயதைக் காணாமலே போய்விட்டார். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நினைத்தால் மனம் வருந்துகிறது, மச்சான்.

சரி, பெட்டகத்துக்கு வருகிறேன்.

மேலே உன் அம்மாவின் பழைய சேலை ஒன்று விரித்திருந்தது. அதன்கீழ் பத்துக் கட்டு. எல்லாம் மரச்சட்டத்துக்கு இடையில், கயிறு சுற்றி. இரண்டு கட்டில் பூச்சி விழுந்திருக்கிறது, ஓரம் தொட்டால் உதிர்கிறது. பழைய ஏடுகளை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை ஏட்டோடு பட்ட பாட்டை எழுதியிருக்கிறாரே, எடுக்கும்போதே ஓரம் கொட்டுகிறது என்று, அதை அன்றைக்குக் கையால் உணர்ந்தேன். மற்ற எட்டும் நல்ல நிலை. ஒன்றை மட்டும் மெதுவாக அவிழ்த்தேன். எழுத்து வெளிறிக் கிடந்தது. புள்ளி கிடையாது, ஏட்டைக் கிழிக்கும் என்று வைக்க மாட்டார்கள். குறில் நெடிலும் நாம்தான் இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும். சன்னல் பக்கம் சரித்துப் பிடித்தால் எழுத்தாணிக் கீறல் தெரிகிறது. “சுக்கு” என்ற சொல்லைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கால் மணித்தியாலம். குழந்தை வைத்தியம் சொல்லும் பிள்ளை வாகடம் என்று பிடிபட்டது. நாம் சின்னப்பிள்ளையாய் இருக்கும்போது வளவு நிறையக் கைக்குழந்தைகளோடு தாய்மார் நிற்பார்களே, வைத்தியம் பார்க்கும் பரியாரி ஐயா எப்போது வருவார் என்று, அந்த வாகடம்.

இனி என் பதில். உன்னிடம் எடுப்பிக்காதே. அந்தக் குளிருக்கும் ஹீற்றருக்கும் ஓலை தாங்காது. உனக்குப் பிறகு அதை வாசிக்கவும் அங்கே ஆள் இல்லை. கோணேசபுரியில் நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, அங்கே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். முறைப்படி எழுதிக் கையெழுத்து வாங்கி அங்கே கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். கொடுக்க முன் எல்லா ஏட்டையும் படம் பிடித்து நூலகம் நிறுவனத்திடமும் ஒரு பிரதி சேர்ப்பிக்க வேண்டும். 2005 முதல் நம் ஈழத்து எழுத்தையெல்லாம் மின்னாக்கம் செய்து வருகிறவர்கள். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்தால் என்ன நடக்கும் என்று 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது 97,000 புத்தகங்களோடு பார்த்துவிட்டோம்.

அதைவிட முக்கியம், கொடுக்க முன் பட்டியல் எழுதுவது. எத்தனை கட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை ஏடு, முதல் வரி என்ன, கடைசி வரி என்ன, எவ்வளவு சேதம். தொண்ணூறில் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது என் புத்தக அலுமாரி அப்படியே போனது உனக்குத் தெரியும். திரும்பி வந்து, என்னென்ன போனது என்று ஒருவர் கேட்டார். என்னால் முப்பது பெயருக்கு மேல் சொல்ல முடியவில்லை. மற்றவை இருந்தன என்பதற்கே இன்றைக்குச் சான்று இல்லை. எனக்கு அது புத்தகம் போனதைவிடப் பெரிய இழப்பு.

இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, ஏனென்றால் உன் அப்பா எனக்கு முந்தியே இந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார். பெட்டகத்தின் அடியில் கொப்பித் தாள் ஒன்று நாலாய் மடித்துக் கிடந்தது. பென்சில் எழுத்து, அவருடைய சாய்ந்த கைதான். தமிழ் இலக்கம் போட்டு வரிசையாய்: ௧ பிள்ளை வாகடம், ௨ விஷகடி, ௩ நாடி, இப்படிப் பதினொன்று. பக்கத்தில் ஏட்டுக் கணக்கும் இருக்கிறது. நான் அவிழ்த்த கட்டை எண்ணிப் பார்த்தேன், ஒரு ஏடும் குறையவில்லை.

ஆனால் பட்டியலில் பதினொன்று, பெட்டகத்தில் பத்து. ஏழாவதுக்கு நேரே “மாட்டு வாகடம் — இரவல், மூதூர்” என்று எழுதியிருக்கிறார். யார் வாங்கினார், எப்போது என்று இல்லை. அக்காவுக்கு நினைவில்லை. நீ அப்பாவோடு சைக்கிளில் மூதூருக்குப் போய்வந்த காலம் ஒன்று இருந்ததே. அங்கே மாட்டு வைத்தியம் செய்த வீடு எது என்று ஏதும் ஞாபகம் வருகிறதா? தெருப்பெயர், ஒரு மரம், ஒரு படலை, எதுவானாலும் எழுது. அடுத்த மாதம் மருமகன் மூதூருக்கு வேலையாய்ப் போகிறான், நானும் கூடப் போகலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி