மேஸ் (காலுறை) காயவைத்த அம்மாயிக்கு

வகுப்புப் பிள்ளைகளோடு சுற்றுலா போன இடத்தில், மழையில் மண் சரிந்து பாதை மூடி, ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நாங்கள் தங்க நேர்ந்த அந்த இரவு உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. 19 பிள்ளைகளும் வீடு சேர்ந்துவிட்டார்கள், அது போதும்.

அன்று காலையில் நாங்கள் போனது கம்பளைப் பக்கம், ஒரு தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் நூதனசாலைக்கு. பழைய லயத்திலேயே 2007இல் தொடங்கியது. நம் பாட்டிமார் புழங்கிய அடுப்படிச் சாமான்களைப் பிள்ளைகள் அங்கே பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னார்ப் பக்கம் கரையிறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்த சனத்தில் கைப்பிள்ளைக்காரிகளும் இருந்ததைச் சொன்னேன். 1984 வரை ஒரே தேயிலை மலையில் வேலைக்கு நின்றாலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம்தான் என்றும் சொன்னேன். வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்கள் அந்த வாசலில் வாய் திறக்காமல் கேட்டார்கள்.

அப்புறம்தான் மழையும் மற்றதும்.

எங்களைச் சேர்த்துக்கொண்ட லயத்தில் கடைசிக் காம்பரா அம்மாயியை நான் முதலில் கும்பிட வேண்டும். "மேஸெல்லாம் கழட்டுங்க. ஈரக்காலோட புள்ளைங்க தூங்கக் கூடாது டீச்சரம்மா" என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளையின் காலிலிருந்தும் தானே உருவினார். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி. காலையில் எப்படிப் பிரிப்பது என்று எனக்குக் கவலை. அவரோ பழைய சேலையைக் கிழித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒரு துண்டு கட்டினார். ஒன்றில் ஒரு முடிச்சு, இன்னொன்றில் இரண்டு, ஒன்றில் சிவப்புக் கரை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி, விடியும்வரை புரட்டிப் புரட்டிப் போட்டார். காலையில் அந்தந்தச் சப்பாத்துக்குள் அந்தந்த மேஸ் காய்ந்து இருந்தது. ஒரு சோடிகூட மாறவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், பல வருசம் ஆயாவாக இருந்தாராம். இருட்டோடு பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) போகும் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளின் துணிகளுக்கு இப்படித்தான் அடையாளம் வைப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கு முன் கொழுந்து எடுத்தவர். 1984 பற்றிக் கேட்டேன். "ஆம்பளைக்குச் சமமா வாங்குன முதல் சம்பளத்துல மூத்தவளுக்குச் சப்பாத்து வாங்குனேன்" என்றார்.

அந்தத் தாய்மாரின் கொழுந்துக் கூடைகள் நிறைய, இவர் கையில் எத்தனை குழந்தைகள் பத்திரமாக இருந்திருக்க வேண்டும் என்று அடுப்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்த வீடுகள், பிளேன்டீ கொண்டுவந்த பக்கத்து ஊர்ச் சிங்கள ஐயா, டோர்ச் பிடித்து நின்ற தம்பிமார், மண் அள்ளிப் பாதை திறந்தவர்கள், பஸ் அண்ணன், இரவெல்லாம் விழித்திருந்த பெற்றோர், எல்லாருக்கும் நன்றி.

அம்மாயி, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்த ஆயாமார் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதி வைக்கப்போகிறேன். உங்களிடமும் கேட்டு எழுத வேண்டும். சின்னவளுக்குப் போர்த்திவிட்ட உங்கள் கம்பளி என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துக் காயவைத்துவிட்டேன். பொங்கல் லீவில் கொப்பியோடு கொண்டுவருகிறேன்.

அன்றைக்கு வந்த டீச்சர்