2024-25 ஆண்டறிக்கை: நம் இரண்டு பள்ளிகளைப் பற்றி

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கை இது. வழக்கமாகத் தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய், குப்பை வண்டி என்றுதான் பாதிக்கு மேல் இருக்கும். இந்த முறை அதையெல்லாம் கடைசியில் நாலு வரியில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, சண்டை போட்டது, அலைந்தது எல்லாமே நம் பகுதியில் இருக்கிற இரண்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளுக்காகத்தான். பள்ளிகளின் பெயரையும் ஆசிரியர்களின் பெயரையும் போட வேண்டாம் என்று செயற்குழு சொல்லிவிட்டது. நாம் பேச்சில் சொல்வதுபோல ஏரிக்கரைப் பள்ளி, மெயின் ரோட்டுப் பள்ளி என்றே எழுதுகிறேன்.

மே மாதம் நடந்த பொதுக்கூட்டம் தண்ணீர் லாரிக்காகக் கூட்டியது. பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் மூன்றாவது தெருவில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "என் பொண்ணு அஞ்சாவது முடிச்சுட்டா. ஆறாவதுக்கு எங்க போடறதுன்னு யாராவது சொல்லுங்க." அவ்வளவுதான். இரவு ஒன்பதரை வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் போட்டால் பிள்ளை கெட்டுப் போகும் என்றார் ஒருவர். அங்கே எட்டாம் வகுப்புப் பையன்கள் பீடி குடிக்கிறார்கள் என்றார் இன்னொருவர், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு "எல்லாரும் சொல்றாங்க" என்றார். மெயின் ரோட்டுப் பள்ளியில் எச்.எம். கண்டிப்பானவர், அங்கே போடுங்கள் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். அங்கே கேட்டுப் பார்த்தேன், இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றார் தையல் கடை அக்கா.

ஆறாம் வகுப்பு என்பது சும்மா ஒரு வகுப்பு மாறுகிற விஷயம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன், அன்றைக்குக் கூட்டத்தில் பலருக்கு இது தெரியாமல் இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மைக்கும் நீட்டினார்கள். கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஆறாம் வகுப்புக் கணக்குதான் வருகிறது, 2024 ஆகஸ்டில் ஆரம்பித்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அப்படித்தான். பள்ளியின் பேரைக் கேட்டுப் பயந்து ஆறாவதிலேயே கடன் வாங்கித் தனியாருக்குப் போகிற குடும்பம் இத்தனையையும் சேர்த்துத்தான் விட்டுப் போகிறது.

சரி, இரண்டு பள்ளியையும் போய்ப் பார்ப்போம் என்று ஐந்து பேர் ஜூன் கடைசியில் போனோம்.

ஏரிக்கரைப் பள்ளிக்குள் நான் நுழைந்து பதினாறு வருடம் ஆகியிருக்கும். எச்.எம். அறையில் ஒரு மரப்பலகை, அதில் தலைமை ஆசிரியர்கள் பெயரும் பணியில் இருந்த காலமும் வெள்ளைப் பெயிண்டில் வரிசையாக இருக்கிறது. கடைசியாகப் பெயிண்டில் இருக்கிற பெயர் 2021-ல் ஓய்வு பெற்றவருடையது. அதற்குக் கீழே மூன்று பெயர், மூன்றும் வெள்ளைத்தாளில் டைப் அடித்து ஒட்டியவை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பொறுப்பு' என்று இருக்கிறது. முதல் தாளின் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டுவிட்டது. நடுநிலைப் பள்ளி எச்.எம். பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் செய்திருக்க வேண்டுமா வேண்டாமா என்று 2023-ல் உயர் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்புக்குப் பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது, பதவி உயர்வுகளும் அதோடு நின்றன. நாம் நாலு வருடமாக "அந்த ஸ்கூல்ல எச்.எம். சரியில்ல" என்று பேசிக்கொண்டிருந்தோம். அங்கே எச்.எம். என்று ஒருவர் நிரந்தரமாக இருந்ததே இல்லை.

இப்போது பொறுப்பில் இருப்பவர் ஆறு, ஏழு, எட்டுக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர். நாங்கள் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு செய்கிற எமிஸ் இணையதளத்தில் எதையோ ஏற்றினார், சத்துணவு முட்டைக் கணக்கில் கையெழுத்துப் போட்டார், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு போனுக்குப் பதில் சொன்னார். எட்டாம் வகுப்பு வாசலிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து "மிஸ், நாலாவது கணக்கும் போட்டுட்டோம்" என்றான். "அஞ்சாவதைப் போடு, வரேன்" என்றார். அந்த பீரியட் முடிகிற வரைக்கும் அவரால் போக முடியவில்லை. பீடி பற்றியும் கேட்டோம், மறைக்கவில்லை. 2022-ல் இரண்டு பையன்கள் பள்ளிக்கு வெளியே ஏரிக்கரையில் மாட்டினார்கள், பெற்றோரை வரவழைத்துப் பேசி முடித்த விஷயம் என்றார். அந்த இரண்டு பேரும் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

கிளம்பும்போது டீச்சர் சொன்ன ஒரு விஷயம்தான் எங்களை வேலைக்கு இறக்கியது. ஒன்று முதல் ஐந்து வரை அப்போது 58 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆகஸ்ட் 1 அன்று இருக்கிற எண்ணிக்கையை வைத்துத்தான் பணி நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற முடிவு, செய்வார்கள். 58-லேயே நின்றால் ஓர் இடைநிலை ஆசிரியர் உபரியாகி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார், அப்புறம் ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். பேர் கெடுகிறது, பிள்ளை குறைகிறது, பிள்ளை குறைந்தால் ஆசிரியர் போகிறார், ஆசிரியர் போனதும் பேர் இன்னும் கெடுகிறது. இந்தப் பள்ளிக்கு நாலைந்து வருடமாக நடந்தது இதுதான், அதில் நம் வாய்க்கும் பங்கு உண்டு.

ஜூலை முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகளிர் அணி உறுப்பினர்கள் வீடு வீடாகப் போனார்கள். நம் தெருக்களில் கிடைத்தது ஒரே ஒரு பிள்ளை. மீதி நாலு பேர் கிடைத்தது புறவழிச் சாலைப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் தகரக் கொட்டகையில். இரண்டு பேர் திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம், இரண்டு பேர் ஒடிசா. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை, அதனால் எந்தப் பள்ளியிலும் எடுக்க மாட்டார்கள் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பொறுப்பு எச்.எம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் சேர்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 1 அன்று 63. மூன்றாவது ஆசிரியர் இருக்கிறார்.

இதில் சங்கத்துக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கொட்டகைப் பிள்ளைகள் வந்தால் பள்ளியின் பேர் இன்னும் போகும் என்று இரண்டு உறுப்பினர்கள் செயற்குழுவில் சொன்னார்கள். நான் அன்றைக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன்: நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் மிஞ்சியதே அந்த நாலு பிள்ளைகளால்தான். அவர்களை இனி யாரும் சங்கக் கூட்டத்தில் அப்படிப் பேசினால் நான் கூட்டத்தை நிறுத்துவேன்.

இப்போது மெயின் ரோட்டுப் பள்ளி. அங்கே போனால் மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. எச்.எம். அம்மா எட்டே முக்காலுக்குக் கேட்டில் நிற்கிறார், வருகிற பிள்ளை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஷூ கயிறு அவிழ்ந்திருந்தால் நிறுத்திக் கட்டச் சொல்கிறார். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறது. ஏரிக்கரையில் தாழ்ப்பாள் இல்லாமல் ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் அறைந்தது. அந்த அம்மா பதினோரு வருடம் ஒரே இடத்தில் இருந்து கட்டியது இது. அவருக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

ஆனால் ஒரு குறை இருந்தது, அதை நேரில் அவரிடமே சொன்னோம். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு வருகிற பிள்ளையிடம் தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியும் வாசிக்கச் சொல்வார்கள். தடுமாறினால் இடமில்லை என்று பதில் வரும், அந்தப் பிள்ளை ஏரிக்கரைக்குப் போகும். தையல் கடை அக்கா பெண்ணுக்கு நடந்ததும் அதுதான், அன்று அவள் பயந்துபோய் வாசிக்கவில்லை. சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது, முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நாங்கள் அபராதம் பற்றிப் பேசப் போகவில்லை. ஒரு பள்ளி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு இன்னொரு பள்ளிக்கு மற்றவர்களை அனுப்பினால், எது நல்ல பள்ளி எது மோசமான பள்ளி என்று நாம் போடுகிற கணக்கே தப்பு என்பதைச் சொல்லத்தான் போனோம். எச்.எம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு வகுப்புல நாப்பத்தஞ்சு பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், மேல் வகுப்புகளுக்குச் சட்டம் சொல்வது 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். எல்லோரும் அந்த ஒரு பள்ளியிலேயே போய் மோதியதன் பலன் அது. வாசிக்கச் சொல்கிற பழக்கம் அதற்குப் பிறகு நின்றுவிட்டது. தையல் கடை அக்கா பெண்ணை ஏரிக்கரையிலேயே சேர்த்துவிட்டார், மாற்றவில்லை.

2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாநிலம் முழுக்க மறுகட்டமைப்பு செய்தார்கள். இந்த முறை 24 பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஏரிக்கரைப் பள்ளிக் குழுவில் தலைவராகத் தேர்வானவர் நம் தையல் கடை அக்கா. அதே பள்ளியில் படித்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற நம் துணைத் தலைவர் முன்னாள் மாணவராக உள்ளே வந்தார். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடிவதில்லை, முதல் இரண்டு கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். அந்த ஏழு பேரை வைத்துத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டோம். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் வைத்திருந்த நேரத்தில் பள்ளி மானியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று, ஆறு கதவுக்கான செலவைச் சங்கமே ஏற்றுக்கொண்டது.

சனிக்கிழமை காலைகளில் ஓய்வு பெற்ற இரண்டு உறுப்பினர்கள் எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 வீதம் நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய். ஏரிக்கரையிலிருந்து பதினோரு பேர் எழுதினார்கள், ஒரு பெண் தேர்வானாள். எச்.எம். அறை வாசலில் எட்டிப் பார்த்தானே, அந்தப் பையனும் எழுதினான், அவனுக்குக் கிடைக்கவில்லை. கணக்கில்தான் மார்க் போயிருக்கிறது.

இன்னொன்று. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனபோது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கிச்சடித் தட்டோடு தூணுக்குப் பின்னால் போனது. அங்கே ஏழாவது படிக்கிற அதன் அக்கா நின்றிருந்தாள், இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஆயம்மா பார்த்தும் பார்க்காததுபோல இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார். எட்டாம் வகுப்பு வரை காலை உணவு வேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

மற்ற பணிகள்: இரண்டாவது, ஐந்தாவது தெருக்களில் எட்டு எல்.இ.டி. விளக்குகள் மாற்றப்பட்டன. கால்வாய் பருவமழைக்கு முன்பே தூர்வாரப்பட்டது, நாலாவது தெரு முனையில் மட்டும் தண்ணீர் நின்றது. தெருநாய்களுக்குத் தடுப்பூசி முகாம் ஒருமுறை நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

அறிக்கையை எழுதி முடித்த பிறகு சேர்க்க வேண்டியதாகிவிட்ட ஒரு செய்தி. மெயின் ரோட்டுப் பள்ளி எச்.எம். அம்மா மே 31 அன்று ஓய்வு பெற்றுவிட்டார். ஜூன் 2 பள்ளி திறந்த அன்று போயிருந்தேன். கேட்டில் யாரும் இல்லை. அவர் அறைப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது, அறிவியல் டீச்சர் பெயர், பக்கத்தில் 'பொறுப்பு'. அந்த டீச்சர் மேஜை மேல் முட்டைக் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு, எமிஸ் கடவுச்சொல்லை யாரிடம் கேட்பது என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரைப் பொறுப்பு எச்.எம். நம்பரை நான்தான் கொடுத்தேன்.

இரண்டு பள்ளிக்கும் நிரந்தரத் தலைமை ஆசிரியரும், அதுவரை பொறுப்பில் இருப்பவரின் பாட வேளைக்கு மாற்று ஆசிரியரும் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு தயார் செய்திருக்கிறோம். கூட்டம் முடிந்து போகும்போது நுழைவாசல் மேஜையில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மெயின் ரோட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஜூன் 27 வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பெற்றோர் அரை நாள் லீவு போட்டாவது வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்