அப்பச்சி ஆலையில் பார்த்த பாகு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவும் முடிந்தது. என் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இந்த ரெண்டு மாதமாக மனசு முழுக்க அதுதான், அதையே எழுதுகிறேன்.

ஒரு விளம்பரத்துக்காக, தட்டில் தேன் ஊற்றுகிற காட்சியைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்க வேண்டும். தண்ணீர் எனக்குப் பழகிய வேலை. ஆனால் தேன் தண்ணீரைவிடச் சில ஆயிரம் மடங்கு கெட்டி. பள்ளியில் 'பாகுநிலை' என்று படித்தோமே, அந்த எண்ணைக் கூட்டியதும் எண்கள் கட்டுக்கடங்காமல் ஏறி, கணக்கே வெடித்துச் சிதறியது. இடத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் எப்படி மாறுகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நகர்த்திப் போடுகிற கணக்கு இது. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்காகும். கெட்டித் திரவத்துக்கு டைம் ஸ்டெப்பையும், அதாவது ஒவ்வொரு தடவையும் நகர்த்துகிற நேரத்தையும், நாலில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். ஆக வேலை 32 மடங்கு. அப்படியே போனால் விளம்பரம் வெளியாகிற தேதி தாண்டிவிடும்.

இதற்கு வழி உண்டு. இப்போதைய வேகத்தை வைத்து அடுத்த நொடியைக் கணிக்காமல், அடுத்த நொடியில் எல்லாக் கட்டங்களின் வேகமும் என்னவாக இருக்க வேண்டும் என்று ஒரே பெரிய சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்ப்பது. எவ்வளவு கெட்டியானாலும் வெடிக்காது. 1999-ல் ஜோஸ் ஸ்டாம் என்ற ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு கிராஃபிக்ஸ்காரர்கள் பலரும் இந்த வழிக்கு வந்தார்கள்.

சரி, வெடிக்கவில்லை. ஆனால் தேன் தட்டில் விழுந்து மொத்தையாகப் பரவியது, அவ்வளவுதான். நிஜத் தேன் மாதிரிச் சுருளவே இல்லை. எண்ணை மாற்றி மாற்றி மூணு நாள் ஓட்டினேன். எதிலும் உயிர் இல்லை.

நாலாம் நாள் பொழுதோட கவுந்தப்பாடிக்கு, உன் அப்பச்சியின் கரும்பாலைக்குப் போனேன். கொப்பரையில் பாகு பொங்கிக்கொண்டிருந்தது. அப்பச்சி ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்தார். அப்புறம் எனக்காகக் கரண்டியில் மொண்டு தொட்டியில் ஊற்றிக் காட்டினார். முதலில் நேராக இறங்கி அப்படியே கலந்துவிட்டது. கரண்டியில் கொஞ்சம் ஆறினதும் நூலாக இறங்கியது. கீழே தொட்ட இடத்தில் நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வட்டம் போட்டு, கயிற்றைச் சுற்றி வைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. மேலே ஏறிய சுருள் கீழே அமிழ்வதற்குள் அடுத்த சுருள் வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முகமெல்லாம் ஆவி.

அடிப்பகுதி சட்டென்று பரவ முடியாமல் நெருக்குப்படுகிறது, மேலிருந்து நூல் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் அது பக்கவாட்டில் வளைந்துதான் ஆக வேண்டும். காற்றைத் தொடுகிற மேற்பரப்பில் அழுத்தமும் பிசுக்கு விசையும் சேர்ந்து பூஜ்யமாக வேண்டும். என் புரோகிராம் பிசுக்கை ஒரு தடவையும் அழுத்தத்தை இன்னொரு தடவையும் தனித்தனியாகத் தீர்த்தது. வளைவு அந்த இடைவெளியில் தொலைந்துபோகிறது. லாரியோனோவ், பேட்டி, பிரிட்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 2017-ல் இரண்டையும் ஒரே தொகுதியாகத் தீர்க்கிற வழியைக் காட்டியிருக்கிறார்கள். கட்டுரை என் கையில் முன்பே இருந்தது. ஆலையில் பார்த்த பிறகுதான் அதன் ஒவ்வொரு வரியும் புரிந்தது.

திருத்தி எழுத ரெண்டு வாரம் ஆயிற்று. சமன்பாடுகள் பெருகிவிட்டன, ஒரு ஃபிரேமுக்கே வெகு நேரம் பிடிக்கிறது. போன செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்குத் திரையில் முதல் சுருள் விழுந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

அப்பச்சிக்கும் போனில் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இது ஆறுனா இறுகுமா?" என்றார். இறுகாது. பாகுநிலைக்கு நான் வைத்திருப்பது ஒரே எண். பாகு கொப்பரையை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது, விளிம்பில் வேகமாக, நடுவில் மெதுவாக. அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். உங்கள் ஃபவுண்டரியில் உருகிய இரும்புக்குத் துப்பாக்கி மாதிரி நீட்டிச் சூடு பார்ப்பீர்களே, அந்த மாதிரிக் கருவி 100 டிகிரி வாக்கிலும் காட்டுவது இருந்தால், கேட்டு வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு வா. ரெண்டு பேரும் ஆலையில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் மச்சான்