உப்புப் பார்க்கச் சொன்ன அப்பாயிக்கும் மற்ற எல்லோருக்கும்

இந்த 2022 எப்படிப் போனது என்று இலங்கை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய், கோதுமை மா கிலோ 400 ரூபாய் வரை போனது. அவ்வளவுதான்.

முதல் நன்றி மேல் லயத்து, அதாவது மேல் வரிசைத் தோட்டக் குடியிருப்பு, அப்பாயிக்கு. பெயர் போடக் கூடாது என்பது அவர் கட்டளை.

எங்கள் தோட்டப் பாடசாலையின் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழத் தொடங்கிய நேரம். சாப்பிடாமல் வருகிறவர்களைப் பட்டியல் எடுக்கலாமா என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அப்பாயி ஒரு சட்டி வல்லாரைக் கஞ்சியோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு நாக்கு செத்துப்போச்சு புள்ளைகளா, உப்பு சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். வீட்டில் ரொட்டி தின்று வந்தவனுக்கும் ஒரு குவளை, ஒன்றுமே இல்லாமல் வந்தவளுக்கும் ஒரு குவளை. "இன்னும் கொஞ்சம் குடிச்சாத்தான் தெரியும் அப்பாயி" என்றான் ஒருவன். மறுநாளும் உப்புப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும். பட்டியல் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அதற்கு முன் மூன்றாம் பாடவேளையில் என் தரம் 5 பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தபடி இருப்பார்கள், பென்சில் நகராது. கழித்தலில் கடன் வாங்கியதை அடுத்த வரியிலேயே மறந்துவிடுவார்கள். இடைவேளையில் குழாயடியில் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பியவர்களும் உண்டு. 10ஆம் திகதி சம்பளத்துக்கு முந்திய நாட்களில் பாதி வாங்கு (பெஞ்சு) காலி. இப்போது கணிதத்தைக் கஞ்சிக்குப் பிறகு வைத்திருக்கிறோம். பென்சில் நகர்கிறது, வாங்குகளும் நிறைந்திருக்கின்றன. வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லது என்பார்கள். எனக்கென்னவோ அதில் கிடந்த அரிசிதான் வேலை செய்தது என்று தோன்றுகிறது.

அந்த அரிசியை வீட்டுக்கு ஒரு கைப்பிடியாகச் சேர்த்த லயத்து அம்மாமார், கேட்காமலே கடன் கொப்பியில் எழுதிக்கொண்ட டவுன் கடை முதலாளி, கொழும்பில் கடைகளில் வேலை செய்துகொண்டே பணம் அனுப்பிய பழைய மாணவர்கள், மூட்டையை ஏற்றிவந்து கூலி வாங்காத ஆட்டோக்காரத் தம்பி, குசினியைத் திறந்துவிட்ட அதிபர், எல்லோருக்கும் நன்றி.

டிசம்பர் 18 தரம் 5 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் விடியற்காலையில் அடுப்பு எரியும். அப்பாயி வருவதாகச் சொல்லிவிட்டார். விறகு என் பொறுப்பு.

இப்படிக்கு,
தரம் 5 வகுப்பாசிரியர்,
நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து